கருந்துளைக்குத் தேதி போடுவது எப்படி

என் கல்லூரித் தோழன் ஒருவன் ஆடிட்டர். தேதி இல்லாமல் எதையும் நம்ப மாட்டான். பணம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "எந்தத் தேதியில?" என்பதுதான் அவன் வாயிலிருந்து முதலில் வரும். கருந்துளைகளைப் பற்றி நான் எழுதிய ஒரு பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் இரவு ஃபோன் செய்தான். "வெளியில நிக்கிறவன் பார்த்தா எதுவும் கருந்துளையோட எல்லையைத் தாண்டாது, நெருங்க நெருங்க மெதுவாகி அப்படியே நின்னுடும்னு நீதானே எழுதியிருக்க? விண்மீனோட மேற்பரப்பும் அப்படித்தானே நிக்கும்? தாண்டாத வரைக்கும் கருந்துளை கிடையாது. பிரபஞ்சத்துக்கே 1380 கோடி வயசுதான். அப்ப இதுவரைக்கும் ஒண்ணுகூட உருவாகியிருக்க முடியாதுடா. உருவாச்சுன்னு சொன்னா தேதி சொல்லு."

வழக்கமான பதிலைச் சொன்னேன். விழுகிறவனின் கைக்கடிகாரத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்துவிடும், அவன் எந்தத் தடங்கலும் உணராமல் உள்ளே போய்விடுவான் என்று. "விழுறவன் கடிகாரம் எனக்கு எதுக்கு? நான் வெளியில இருக்கேன். என் கணக்குல எழுத என் தேதிதான் வேணும்" என்றான். அதற்கு மேல் அன்று நான் பேச்சை நீட்டவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. பல பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன: அது ஆயத்தொலைவுகளின், அதாவது இடத்தையும் நேரத்தையும் குறிக்க நாம் போடும் எண்களின் கோளாறு, அவ்வளவுதான். உண்மைதான். ஆனால் 'அவ்வளவுதான்' என்பது இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அவமதிப்பது போலத் தோன்றும் எனக்கு. கோட்பாட்டைக் கண்டவர்களே பல ஆண்டுகள் தடுமாறிய இடம் இது.

1939-இல் இரண்டு பதில்கள்

ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த நாள் 1939 செப்டம்பர் 1. அதே தேதியிட்ட ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில்தான் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் அவருடைய மாணவர் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அணுக்கருப் பிளவின் இயக்கத்தை விளக்கிய போர், வீலர் கட்டுரையும் அந்த இதழிலேயே இருந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில் உலகம் இந்த இரண்டில் எதைத் தேடிப் படித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓப்பன்ஹைமரே பிறகு இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

அந்தக் கட்டுரையின் சுருக்கத்தில் என் தோழனின் கேள்வியும் நான் சொன்ன பதிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எரிபொருள் தீர்ந்த, போதுமான அளவு கனமான விண்மீன் தன்னுள் சரிந்து விழும். பொருளோடு சேர்ந்து விழுகிறவருக்கு இது முடிகிற காலம் வரம்புக்குட்பட்டது. வழக்கமான விண்மீன் நிறைகளுக்கு ஒரு நாள் அளவில் இருக்கும். வெளியில் இருப்பவரோ, விண்மீன் தன் ஈர்ப்பு ஆரத்தை, அதாவது அந்த எல்லையின் ஆரத்தை, முடிவில்லாமல் நெருங்கிக்கொண்டே இருப்பதைத்தான் காண்பார். இரண்டையும் சொல்லிவிட்டு, இவற்றில் எது நடந்தது என்ற பேச்சுக்குள் போகாமல் கட்டுரை நின்றுவிடுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட விண்மீனும் எளிமையின் உச்சம்: அழுத்தமே இல்லாத தூசி, எங்கும் ஒரே அடர்த்தி, சுழற்சி கிடையாது, கச்சிதமான கோளம். இப்படிப்பட்ட தூசிக் கோளங்களுக்கான தீர்வுகளை அதற்கு ஓராண்டு முன்பே கல்கத்தாவைச் சேர்ந்த பி. தத் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். ஓப்பன்ஹைமர், ஸ்னைடரின் விண்மீன் அதற்குள் அடங்கும் ஒரு தனி வகை. இன்று சிலர் மூவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். எல்லோரும் சொன்னால் நன்றாக இருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில் ஐன்ஸ்டைன் இதற்கு நேர் எதிரான முடிவோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். வட்டப் பாதைகளில் சுற்றும் துகள் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துகள்கள் ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும் என்று காட்டினார். ஆகவே அந்த ஆரம் வரைக்கும் எதுவும் சுருங்காது என்றார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் சமநிலையில் சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. சமநிலை குலைந்து விழ ஆரம்பித்துவிட்ட ஒன்றை அது தொடவே இல்லை.

எடிங்டன், சந்திரசேகர் கதை நம் வாசகர்களுக்குப் பழகியதுதான். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் நடந்த ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில், 24 வயதுச் சந்திரசேகர் தன் எல்லை நிறையைப் பற்றி (எரிந்து தீர்ந்த விண்மீன் ஒன்று சரியாமல் தாங்கக்கூடிய உச்ச நிறை அது) பேசி அமர்ந்ததும் எடிங்டன் எழுந்து கிண்டலடித்தார். நான் சொல்ல வருவது அந்தக் கிண்டலின் உள்ளடக்கத்தை. விண்மீன் ஒளிவீசி ஒளிவீசி, சுருங்கிச் சுருங்கி, சில கிலோமீட்டர் ஆரத்துக்கு வந்ததும் ஈர்ப்பு ஒளியையே பிடித்து வைக்கும் அளவுக்கு வலுத்துவிடும், அப்போதுதான் அது நிம்மதியடையும் என்றார். இப்படி ஒரு அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றும் சொன்னார். கேலிக்காகச் சொன்ன அந்த வாக்கியத்தில் நிகழ்வெல்லை, அதாவது ஒளியும் திரும்ப முடியாத அந்த எல்லை, உருவாவதன் சரியான வர்ணனை இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, என் தோழனின் முடிவிலி மறைந்துபோகும்படியான ஆயத்தொலைவுகளை 1924-இலேயே எழுதிவிட்டவர் இதே எடிங்டன். அவற்றை வேறொரு காரியத்துக்காக எழுதியதால் இந்தப் பயன் அவர் கண்ணில் படவில்லை. டேவிட் ஃபிங்கெல்ஸ்டைன் 1958-இல் மறுபடி கண்டுபிடித்து, அந்தப் பரப்பு ஒருவழிச் சவ்வு என்று தெளிவாகச் சொல்லும்வரை குழப்பம் நீடித்தது. அதற்குப் பிறகும் சோவியத் இயற்பியலாளர்கள் வெகுநாள் 'உறைந்த விண்மீன்' என்றே பேசிவந்தார்கள். என் தோழன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான்.

எதிரொலிக்காத இடத்துக்கு நேரம்

'நான் பார்க்கவில்லை' என்பதிலிருந்து 'நடக்கவில்லை' என்பதற்குத் தாவுவதுதான் அவன் வாதம் என்று முதலில் நினைத்தேன். வெளியூர் கிளம்பிப் போனவன் வழியெல்லாம் கடிதம் போடுகிறான், ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாமதமான தபாலில் வருகிறது, கடைசிக் கடிதம் வரவே இல்லை. அதை வைத்து அவன் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். அடுத்த முறை பேசும்போது இதைச் சொன்னதும் அவன் சிரித்தான். "தபால் தாமதத்தை நான் கழிச்சிட்டேன்டா. உங்க சமன்பாட்டுல நேரம்னு ஒரு எழுத்து போட்டிருக்கீங்களே, அதுவே முடிவிலிக்குப் போகுது. அது தபால் இல்ல, கணக்கு." எங்கோ படித்திருக்கிறான். சொன்னதும் சரி. அந்த எழுத்து குறிக்கும் ஷ்வார்ட்ஸ்சில்ட் நேரம் என்பது ஒளி வந்து சேரும் தாமதத்தைக் கழித்த பிறகு கிடைப்பது. அப்படிக் கழித்த பிறகும் அது முடிவிலிக்கு ஓடுகிறது.

அந்த நேரத்தை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்தால்தான் சிக்கல் அவிழ்கிறது. தொலைவில் ஒரே இடத்தில் நிற்கும் எனக்கு என் கடிகாரம் மட்டும்தான் உண்மையாகக் கையில் இருக்கிறது. அங்கே, விண்மீனின் அருகே நடக்கும் ஒன்று என் நான்கு மணிக்கு நடந்ததா, ஐந்து மணிக்கா என்று சொல்ல ஒரு விதி வேண்டும். ஒரு ஒளித்துடிப்பை அனுப்புகிறேன், அது அங்கே பட்டுத் திரும்புகிறது, அனுப்பிய நேரத்துக்கும் திரும்பிய நேரத்துக்கும் நடுப்புள்ளியை அந்த நிகழ்வின் நேரமாக எழுதிக்கொள்கிறேன். ரேடார்காரர்கள் செய்வது இதுதான். அசையாமல் நிற்கும் பார்வையாளருக்கு ஷ்வார்ட்ஸ்சில்ட் நேரமும் இதேதான். விழும் மேற்பரப்பு எல்லையைத் தாண்டும் கணத்தில் அதன்மேல் படும் துடிப்பு திரும்பி வராது. திரும்பும் நேரம் முடிவிலி. வரம்புள்ள ஒரு எண்ணையும் முடிவிலியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் முடிவிலிதான் வரும். எதிரொலிக்க முடியாத எதற்கும் தேதி தராத விதி அது. அந்த விதியை வைத்துக்கொண்டு 'தேதி கிடைக்கவில்லை, ஆகவே நடக்கவில்லை' என்பது, விடையை முதலிலேயே விதிக்குள் வைத்துவிட்டு அதையே வெளியே எடுத்துக் காட்டுவது.

வேறு விதி வைக்கலாம். பிரான்சின் பிரதமராகவும் இருந்த கணிதவியலாளர் போல் பென்லவே 1921-இலும், கண்ணின் ஒளியியலுக்காக மருத்துவ நோபல் பரிசு வாங்கிய ஸ்வீடன்காரர் அல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1922-இலும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள். வெகுதொலைவில் ஓய்விலிருந்து விழ ஆரம்பிக்கும் துகள்களின் கடிகாரங்களைக் கொண்டு எல்லா இடத்துக்கும் நேரம் குறிப்பது அதன் சாரம். தொலைவில் நிற்கும் என் கடிகாரமும் இந்த நேரமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. இந்த விதிப்படி விண்மீன் எல்லையைத் தாண்டிய நேரம் சாதாரணமாக, 4 மணி 10 நிமிடம் என்பது போல, வந்துவிடும். (இந்த இருவருமே இதை சார்பியலுக்கு எதிரான வாதமாகத்தான் முன்வைத்தார்கள் என்பது தனிக் கதை. ஐன்ஸ்டைனுக்கு சார்பியலுக்காக நோபல் கிடைக்காமல் போனதில் குல்ஸ்ட்ராண்டுக்குப் பங்கு உண்டு.) ஒரே கடிகாரம், ஒரே காட்சி, ஒரு விதி 'ஒருபோதும் இல்லை' என்கிறது, இன்னொன்று 'நாலு பத்து' என்கிறது. தொலைநோக்கியில் நான் பார்க்கப்போவதில் துளி வித்தியாசம் இருக்காது.

இதுவரை சொன்னதைக் கேட்டு அவன் மசியவில்லை. "அப்ப நாலு பத்தும் உன் இஷ்டத்துக்குப் போட்டதுதானே" என்றான். அதுவும் சரி. அவனை மாற்றியது இன்னொன்று. விதி எதையும் நம்பாதே, நீ அனுப்பும் துடிப்பை மட்டும் பார் என்றேன். என் கடிகாரத்தில் ஒரு குறிப்பிட்ட கணம் இருக்கிறது. அதற்கு முன் நான் அனுப்பும் ஒளி, மேற்பரப்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போதே அதைப் பிடித்துவிடும். திரும்பியும் வரும், எவ்வளவு தாமதமானாலும். அந்தக் கணத்துக்குப் பிறகு அனுப்பும் எதுவும், ஒளியேயானாலும், மேற்பரப்பை எல்லைக்கு வெளியே பிடிக்க முடியாது. விண்மீன் உண்மையிலேயே எல்லையின் ஓரத்தில் உறைந்து தொங்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு தாமதமாகக் கிளம்பினாலும் போய்த் தொட்டுவிட முடிய வேண்டுமே? முடியாது. அந்தக் கடைசிக் கணம் முடிவிலி இல்லை. என் கடிகாரத்திலேயே படிக்கக்கூடிய, யாருடைய ஆயத்தொலைவையும் சாராத நேரம். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அதாவது கெடு தேதி" என்றான். ஆமாம் என்றேன். கெடு தேதி ஆடிட்டர்களுக்குப் புரியும்.

உறைந்த பிம்பம் என்று சொல்கிறோமே, அதுவும் பெயருக்குத்தான். சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் சரிந்தால் அதன் எல்லையின் ஆரம் ஏறக்குறைய 29.5 கிலோமீட்டர். மேற்பரப்பு அதை நெருங்கும்போது வெளியே வரும் ஒளியின் பிரகாசம் ஒவ்வொரு கால் மில்லிவிநாடிக்கும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறையும். விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போனால், ஒன்றுக்குப் பின் 17 சுழியம் போட்ட எண்ணால் வகுத்த அளவுதான் மிஞ்சும். ஒளி துகள்களாக வருவதால் கடைசித் துகள் என்று ஒன்று உண்டு. அதுவும் சீக்கிரமே வந்துவிடும். அதன் பிறகு அங்கே பார்க்க எதுவும் இல்லை. அந்தரத்தில் உறைந்து நிற்கும் விண்மீன் என்று படம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நடுவிலிருந்து கிளம்பும் எல்லை

தோழன் சமாதானமாகிவிட்டான். நான் ஆகவில்லை. அவனுக்குச் சொல்வதற்காகக் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட வேறொன்று இன்னும் உறுத்துகிறது. நிகழ்வெல்லை மேற்பரப்பில் பிறப்பதில்லை. விண்மீனின் நட்ட நடுவில், ஒரு புள்ளியில் பிறக்கிறது.

நிகழ்வெல்லை என்பது, எங்கிருந்து கிளம்பும் ஒளி என்றைக்கும் வெளியேறாதோ அந்தப் பகுதியின் ஓரம். மேற்பரப்பு 29.5 கிலோமீட்டரைத் தொடும் அதே கணத்தில் அங்கே வந்து சேரும் ஒளிக்கதிரை எடுத்துக்கொள்வோம். அது மயிரிழையில் மாட்டிக்கொண்டது. ஆனால் அது அங்கே திடீரென்று முளைக்கவில்லை, விண்மீனுக்குள்ளிருந்து வந்தது. அதைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் மையத்தில் போய் நிற்கும். ஓப்பன்ஹைமர், ஸ்னைடரின் தூசி விண்மீனையே, வெகுதொலைவில் ஓய்விலிருந்து விழுந்ததாக வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக முடிகிறது. மேற்பரப்பு எல்லை ஆரத்தைப் போல் இரண்டேகால் மடங்கில் இருக்கும்போது மையத்திலிருந்து அந்தக் கதிர் கிளம்புகிறது. 10 சூரிய நிறைக்கு இது 66 கிலோமீட்டர். அந்தக் கணத்தில் மையத்தில் எல்லை பிறந்து, ஒளியின் வேகத்தில் வெளிநோக்கி விரிந்து, ஏறத்தாழ 156 மைக்ரோவிநாடியில் உள்ளே விழுந்துகொண்டிருக்கும் மேற்பரப்பைச் சந்திக்கிறது. மையத்தில் இருக்கும் தூசிக்கு எதுவும் தெரியாது. அந்த இடத்தில் காலவெளி முந்திய கணத்தில் இருந்ததைப் போலவே இருக்கிறது. எதுவும் உடையவில்லை, எதுவும் எல்லை மீறவில்லை. ஆனாலும் அதற்கு மேல் அங்கிருந்து எந்தச் செய்தியும் வெளியே வரப்போவதில்லை.

மைக்ரோவிநாடி என்பதால் இதன் விபரீதம் உறைக்காமல் போகலாம். பெரிதாக்கிப் பார்ப்போம். எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். 2019 ஏப்ரலில் வெளியான அந்த ஆரஞ்சு வளையப் படம் இதனுடையதுதான். அவ்வளவு நிறைக்கு இணையான ஆற்றல், வெறும் ஒளியாக, ஒரு மெல்லிய கோள ஓடு போல எல்லாத் திசையிலிருந்தும் ஒரே புள்ளியை நோக்கி வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இயற்கையில் இப்படி நடக்காது, ஆனால் சமன்பாடுகளுக்கு ஆட்சேபணை இல்லை. ஒளிவீசிக்கொண்டிருக்கும் விண்மீனுக்கான தீர்வை 1940களில் பனாரஸில் இருந்தபோது கண்டவர் பி. சி. வைத்யா. அதே தீர்வைத் திருப்பிப் போட்டால், உள்ளே விழும் ஒளிக்கும் பொருந்தும். நீங்கள் அந்த மையப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓட்டுக்கு உள்ளே ஈர்ப்பே கிடையாது, தட்டையான வெற்றிடம். ஓடு ஒளியின் வேகத்தில் வருவதால் அது வருவது உங்களுக்கு முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. எல்லை ஆரத்தைக் கடக்க ஒளிக்கு ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால், ஓடு உங்களை அடைவதற்கு 36 மணி நேரம் முன்பே நிகழ்வெல்லை உங்கள் வழியாகப் போய்விட்டது. ஒன்றரை நாள் நீங்கள் சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள், எதையாவது அளந்து பார்க்கிறீர்கள். எந்தக் கருவியும் எதையும் காட்டாது. ஆனால் நீங்கள் கருந்துளைக்குள் இருக்கிறீர்கள்.

இதுதான் என்னை உறுத்தியது. இங்கே, இப்போது, என்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை வைத்து நிகழ்வெல்லையைச் சொல்ல முடியாது. இனி என்ன வந்து சேரும் என்பது முழுவதும் தெரிந்தால்தான் அது எங்கே இருக்கிறது, எப்போது பிறந்தது என்று சொல்லலாம். மையத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஒன்றரை நாளுக்குள் யாரோ தொலைவில் அந்த ஒளி ஓட்டைத் திருப்பிவிட்டால், எல்லை அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும். அழிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, முதலிலிருந்தே இல்லை. இயற்பியலில் காரணம் முன்னால் வரும், விளைவு பின்னால் வரும் என்று பழகிய மனத்துக்கு இது உள்ளே இறங்க மறுக்கிறது. முரண்பாடு எதுவும் இல்லை, ஏனென்றால் நிகழ்வெல்லை எதையும் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. நாம் பின்னால் வரையும் ஒரு கோடு அது. ஆனால் 'கருந்துளை உருவானது' என்று எழுதும்போது நாம் குறிப்பது ஒரு சம்பவத்தை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்?

சாலையைக் கடக்கும்போது

எதிர்காலத்தைக் கேட்காத ஒரு அளவுகோல் வேண்டும் என்றால் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸிடம்தான் போக வேண்டும். 1964 இலையுதிர் காலத்தில் லண்டனில் நண்பர் ஐவர் ராபின்சனோடு பேசிக்கொண்டே நடக்கிறார். ஒரு சாலையைக் கடக்கும்போது பேச்சு நிற்கிறது, மறுபக்கம் போனதும் தொடர்கிறது. நண்பர் விடைபெற்றுப் போன பிறகு காரணமில்லாமல் ஒரு உற்சாகம். அன்று நடந்ததையெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்து, சாலையைக் கடந்தபோது வந்துபோன ஒரு யோசனையைப் பிடிக்கிறார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த யோசனை சிறைப்பட்ட பரப்பு. சாதாரணமாக ஒரு கோளப் பரப்பிலிருந்து வெளிப்பக்கம் ஒளி வீசினால் அந்த ஒளிமுகப்பின் பரப்பளவு பெருகும், உள்பக்கம் வீசினால் குறையும். வெளிப்பக்கம் வீசியதும் குறைய ஆரம்பித்தால் அது சிறைப்பட்ட பரப்பு. இதைச் சோதிக்க எதிர்காலம் தேவையில்லை, அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே பார்த்துவிடலாம். கோள வடிவமோ, சுழற்சி இல்லாமையோ தேவையில்லை. சிறைப்பட்ட பரப்பு ஒன்று வந்துவிட்டால், ஆற்றல் எதிர்மறை ஆகாத வரை, கோட்பாடே செயலிழந்துபோகும் ஒருமைப்புள்ளி தவிர்க்க முடியாதது என்று 1965 ஜனவரியில் மூன்று பக்கத்துக்கும் குறைவான கட்டுரையில் நிறுவினார். ஒளிக்கற்றைகள் குவிவதைச் சொல்லும் அந்த வாதத்தின் முதுகெலும்பு, கல்கத்தாவில் அமல் குமார் ராய்சவுத்ரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு. 2020-இல் பென்ரோஸுக்கு நோபல் வந்தபோது கல்கத்தாவில் பலர் ராய்சவுத்ரியை நினைத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

அதே தூசி விண்மீனில் சிறைப்பட்ட பரப்புகளைத் தேடினால் ஒரு அழகான எதிர்த்திசை கிடைக்கிறது. தூசியின் கடிகாரப்படி பார்த்தால், மேற்பரப்பு 29.5 கிலோமீட்டரைத் தொடும் கணம் வரைக்கும் சிறைப்பட்ட பரப்பு எங்குமே இல்லை. அந்தக் கணத்தில் மேற்பரப்பில் தோன்றி, அதன் ஓரமான தோற்ற எல்லை விண்மீனுக்குள் உள்நோக்கி நகர்ந்து, 66 மைக்ரோவிநாடியில் மையத்தை அடைகிறது. தூசி முழுவதும் ஒருமைப்புள்ளியில் நசுங்குவதும் அதே கணத்தில்தான். நிகழ்வெல்லை நடுவிலிருந்து வெளியே வந்தது, தோற்ற எல்லை வெளியிலிருந்து நடுவுக்குப் போகிறது. இரண்டும் மேற்பரப்பில் ஒரே ஒரு கணம் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புக்கு வெளியே, பொருள் எதுவும் மேற்கொண்டு விழாத வரை, இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலான படங்களில் ஒரே கறுப்புக் கோளமாக வரையப்படுவது இதற்குப் பிந்தைய நிலை மட்டும்தான்.

தேதி கேட்பவருக்குத் தோற்ற எல்லையின் தேதியைக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது. இன்னும் கிட்டத்தட்ட அதுதான் என் கட்சி. ஆனால் முழு மனதோடு சொல்ல முடியாது. 'அந்தக் கணத்தில்' என்று சொல்வதற்கே காலவெளியை ஏதோ ஒரு விதமாகக் கணம் கணமாக நறுக்கியாக வேண்டும். எப்படி நறுக்குகிறோமோ அதற்கேற்ப தோற்ற எல்லை இடம் மாறும். கருந்துளையின் உட்புறத்தையே, எந்த நறுக்கிலும் சிறைப்பட்ட பரப்பு அகப்படாதபடி, ஒருமைப்புள்ளிக்கு வெகு அருகில் வரைக்கும் கோணலாக நறுக்கிக்கொண்டு போக முடியும் என்று ராபர்ட் வால்டும் விவேக் ஐயரும் 1991-இல் காட்டினார்கள். ஆக, நிகழ்வெல்லை யாருடைய நறுக்கையும் சாராது, ஆனால் முழு எதிர்காலத்தையும் கேட்கும். தோற்ற எல்லை எதிர்காலத்தைக் கேட்காது, ஆனால் நறுக்குகிறவரைப் பொறுத்தது. இரண்டு நல்ல குணமும் சேர்ந்த மூன்றாவது ஒன்றைப் பலர் பலவிதமாக முன்மொழிந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்று இதுவரை வரவில்லை.

ஹாக்கிங் 2014 ஜனவரியில் கருந்துளைகள் இல்லை என்று சொல்லிவிட்டார் என செய்தித்தாள்கள் கூச்சலிட்டது இந்தப் பின்னணியில்தான். கருந்துளை மெல்ல ஆவியாகி முடிந்துவிடும் என்றால், மாட்டிக்கொண்டதாக நினைத்த ஒளி கடைசியில் வெளியேறிவிடலாம். அப்போது கறாரான பொருளில் நிகழ்வெல்லை இருந்திருக்காது, நீண்டகாலம் நிற்கும் தோற்ற எல்லைதான் இருந்திருக்கும் என்பது அவர் வாதம். தலைப்புப் போட்டவர்கள் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 10 சூரிய நிறை ஆவியாக ஒன்றுக்குப் பின் 70 சுழியம் போட்ட அளவுக்கு ஆண்டுகள் ஆகும். இப்போதைக்கு அண்டப் பின்னணிக் கதிர்வீச்சே அதைவிடச் சூடாக இருப்பதால் அது இளைப்பதற்குப் பதில் கொழுத்துக்கொண்டிருக்கும். தொலைநோக்கி வைத்திருப்பவர் யாரும் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு தூரத்து எதிர்காலத்தில் நடப்பதோ நடக்காததோ, இன்று ஒரு எல்லை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைத் தீர்மானிக்கிறது என்பதைப் படித்தபோது, அந்த வரையறையின் மேல் எனக்கிருந்த பக்தி கொஞ்சம் குறைந்தது உண்மை.

கணினிக்குப் பொறுமை இல்லை

இதையெல்லாம் தத்துவமாகப் பேசாமல் தினசரி வேலையாகச் சந்திக்கிறவர்கள், கருந்துளை மோதல்களைக் கணினியில் நடத்திப் பார்ப்பவர்கள். ஃப்ரான்ஸ் ப்ரெடோரியஸ் 2005-இல் முதன்முதலாக இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சேர்ந்து ஒன்றாவதை முழுவதுமாகக் கணக்கிட்டுக் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வுக்கூடமான லைகோ பிடித்த முதல் ஈர்ப்பலையில் 36, 29 சூரிய நிறையுள்ள இரண்டு சேர்ந்து 62 ஆனதையும், மிச்சம் 3 அலையாகப் போனதையும் படிக்க முடிந்தது இப்படிப்பட்ட கணிப்புகளால்தான். அலையின் வால் பகுதியில் கேட்ட அந்த அடங்கும் ரீங்காரத்தை, அடிபட்ட கருந்துளை எப்படி அதிர்ந்து அமையும் என்று 1970-இலேயே கணித்துக் காட்டியவர் பெங்களூருக்காரர் சி. வி. விஸ்வேஸ்வரா. லைகோ அந்தச் சம்பவத்துக்குப் போட்ட நேரம் 09:50:45, உலகப் பொது நேரம். அது அலை நம் கருவியை வந்து சேர்ந்த நேரம். எந்த எல்லையும் மூடிய நேரம் அல்ல.

கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமைப்புள்ளியில் போய் எண்கள் வெடிக்காமல் இருக்க, எந்தப் பகுதியை வெட்டி எறியலாம் என்று சில நிரல்களுக்குக் கணத்துக்குக் கணம் தெரிய வேண்டும். எதிர்காலம் இன்னும் கணக்கிடப்படவில்லை, ஆகவே நிகழ்வெல்லையைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு அடியிலும் தோற்ற எல்லையைத் தேடுகிறார்கள். இரண்டு தோற்ற எல்லைகள் நெருங்கிக்கொண்டே வரும். அவை தொட்டு ஒட்டிக்கொள்வதற்கு முன்பே, ஒரு கணத்தில், இரண்டையும் சுற்றி மூன்றாவதாகப் பெரிய ஒன்று வெளியே திடீரென்று இருக்கும். முந்தைய அடியில் அது இல்லை. நிகழ்வெல்லை இப்படிக் குதிப்பதில்லை. இரண்டு கருந்துளைகளின் நிகழ்வெல்லைகளும் ஒன்றை நோக்கி ஒன்று முனை நீட்டி, தோற்ற எல்லை குதிப்பதற்கு முன்பே ஒட்டி ஒன்றாகிவிட்டிருக்கும். இதை யாராவது பார்க்க விரும்பினால், கணிப்பு முழுவதும் ஓடி, எல்லாம் அடங்கி, கடைசிக் கருந்துளை அமைதியான பிறகுதான் அதற்கான நிரலை ஓட்ட முடியும். கடைசிக் கணத்தில் எல்லை எங்கே இருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரியும். அங்கிருந்து ஒளிக்கதிர்களைப் பின்னோக்கி ஓடவிட்டு, முதல் கணம் வரை வரைந்துகொண்டு வருவார்கள். நிறைய நினைவகம் தின்னும் வேலை. அலையின் வடிவத்துக்கு அது தேவைப்படுவதில்லை என்பதால் பெரும்பாலான கணிப்புகளில் யாரும் அதற்கு மெனக்கெடுவதில்லை.